தெரிவதும் இருப்பதும்

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பது நம் முன்னோர் மொழி. வழக்கு மன்றத்திற்கும் ஊர்ப் பஞ்சாயத்திற்கும் உரிய பழமொழி இது என்றே பலரும் எண்ணுவர். கைப்பேசிச் செயலிகளில் எழுத்துகளையும் படங்களையும் அசையச் செய்வதே எனக்குத் தொழிலாக அமைந்தபின், இப்பழமொழி நாள்தோறும் என் மேசைக்கு வந்து நிற்கிறது.

அன்புத் தங்கையரே! நம் பள்ளி ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று கேட்டபொழுது முதலில் தயங்கினேன். மருத்துவராகவும் செவிலியராகவும் ஆசிரியராகவும் பணிபுரியும் முன்னாள் மாணவியர் தம் பணியைப் பற்றி எழுதினால் எல்லோர்க்கும் எளிதில் விளங்கும். திரையில் ஒரு பேனா தவறாக நகர்ந்தது, அதனைச் சரி செய்தேன் என்று நான் எழுதினால் யாருக்கு விளங்கும்? ஆயினும் வாசலில் கோலம் போட்டவர்க்கும், விளையாட்டு விழாவில் அணிவகுத்து நடந்தவர்க்கும், பள்ளி நாடகத்தில் வேடம் கட்டியவர்க்கும் இது விளங்காமற் போகாது என்ற துணிவினால் எழுதத் தொடங்குகிறேன்.

அசைவு என்னும் மாயம்

திரையரங்கில் ஓடும் படம் உண்மையில் ஓடுவதில்லை. ஒரு விநாடிக்கு 24 அசையாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நம் கண்ணை ஏமாற்றுகின்றன. கைப்பேசித் திரையும் அப்படியே. பல கருவிகளில் அது ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. வேறு பல கருவிகளில் 120 முறை வரை புதுப்பிக்கப்படுகிறது.

கார்ட்டூன் படங்களைக் கையால் வரைந்த காலத்தில், தலைமை ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுப்பார். குதிரை கால் தூக்கிய நிலை ஒன்று, கால் ஊன்றிய நிலை மற்றொன்று. இடைப்பட்ட படங்களை உதவி ஓவியர்கள் வரைந்து நிரப்புவர். முக்கிய நிலைகளுக்குக் கீஃப்ரேம் என்று பெயர். இன்று அவ்வுதவி ஓவியரின் வேலையைக் கணினி செய்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஐபோன், ஐபேட் கருவிகளில் இவ்வேலையைச் செய்யும் பகுதி கோர் அனிமேஷன் எனப்படும். 2007-ஆம் ஆண்டு மாக் கணினிகளின் லெப்பர்டு பதிப்போடு அது வெளிவந்தது.

இதில் லேயர், பாதை என்னும் இரண்டு சொற்களை மட்டும் நினைவில் வைத்துக் கொண்டால் போதும். படத்தை நகலெடுக்க உதவும் டிரேசிங் தாளை எண்ணிப் பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அத்தகைய தாள்களே லேயர்கள். அவற்றை ஒன்றுக்குள் ஒன்றாகவும் வைக்கலாம். பாதை என்பது கோலத்தின் இழை போன்றது. எங்கே தொடங்குவது, எப்புள்ளியைச் சுற்றுவது, எங்கே முடிப்பது என்று அது சொல்லும்.

வளைந்த இழையைக் கணினிக்கு எப்படிச் சொல்வது? இதற்கு வழி கண்டவை பிரான்சு நாட்டின் இரு கார் நிறுவனங்கள் என்றால் வியப்பாக இருக்கும். காரின் மேற்பரப்பு வளைவுகளைக் கணக்கால் குறிக்க வேண்டிய தேவை அவற்றிற்கு இருந்தது. 1959-இல் சித்ரோயன் நிறுவனத்தில் பால் தெ கஸ்தெல்ஜோ ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதனை வெளியிடாமல் வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே தம் முறையை 1960-களில் வெளியிட்டார். ஆகவே பெசியே வளைவு என்ற பெயரே உலகில் நிலைத்தது. தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி ஆகிய இரண்டோடு, வளைவைத் தம் பக்கம் இழுக்கும் இரு துணைப் புள்ளிகளும் இருந்தால் அழகிய வளைவு ஒன்று கிடைத்துவிடும். ‘ழ’கரத்தின் சுழியும் ‘ஞ’கரத்தின் நெளிவும் இன்று கைப்பேசியில் இவ்வாறே அமைகின்றன.

ஒரு பக்கத்தில் நான்கு குறைகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு நிறுவனத்தில் எனக்கு ஒரு பணி கொடுக்கப்பட்டது. முதல் வகுப்புக் குழந்தைகள் தமிழ் எழுத்துகளையும் எண்களையும் எழுதப் பழகுவதற்கான ஐபேட் செயலி அது. திரையில் ஒரு பேனா எழுத்தின் பாதை வழியே நகரும். பேனா சென்ற வழியெல்லாம் மை தோன்றும். எழுத்து முடிந்ததும் பேனா அங்கேயே நிற்கும். குழந்தை அப்பேனாவைத் தொட்டால் அடுத்த எழுத்து வரும். அதனை முதலில் எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றுவிட்டார். சோதனைக்காக அச்செயலியைப் பயன்படுத்திய ஒரு சிற்றூர்த் தொடக்கப் பள்ளியிலிருந்து, நோட்டுத் தாள் ஒன்றில் நான்கு குறைகளை எழுதி அனுப்பியிருந்தார்கள்.

ஒன்று, பேனா எழுத்தின்மேல் செல்லாமல் விலகிச் செல்கிறது. இரண்டு, ‘ட’ எழுதும்பொழுது மை முன்னே ஓடுகிறது. பேனா பின்னே வருகிறது. மூன்று, ‘எ’ என்னும் குறில் ‘ஏ’ என்னும் நெடிலாக மாறிக் காட்டும்பொழுது எழுத்து கசங்கிப் போகிறது. நான்கு, எழுதி முடித்த பேனாவைத் தொட்டால் அடுத்த எழுத்து வருவதில்லை. 0, 8 ஆகிய எண்களில் மட்டும் வருகிறது.

நான்காவது குறையின் கடைசி வரியைக் கவனியுங்கள். எந்த எழுத்துக்கும் வராதது 0-க்கும் 8-க்கும் மட்டும் ஏன் வர வேண்டும்? அந்த ஆசிரியை ஒவ்வொன்றையும் பொறுமையாகத் தொட்டுப் பார்த்து இவ்வரியை எழுதியிருக்கிறார். “வேலை செய்யவில்லை” என்று எழுதுவதற்கும், “இவ்விரண்டில் மட்டும் வேலை செய்கிறது” என்று எழுதுவதற்கும் எவ்வளவு வேறுபாடு! நோயாளி தன் நோயை ஒழுங்காகச் சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது அன்றோ?

நாடி பிடித்துப் பார்த்தல்

குறையைக் கண்டதும் கையில் கிடைத்ததை மாற்றத் தொடங்குவது எங்கள் தொழிலில் பெரிய ஆபத்து. இரண்டு விநாடியில் முடிந்துவிடும் அசைவில் தவறு எங்கே நேர்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முதலில் காலத்தைக் கட்டுப்படுத்த வேண்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கணினியிலேயே ஐபேட் போல் இயங்கும் சிமுலேட்டரில் ஸ்லோ அனிமேஷன்ஸ் என்ற வசதி உண்டு. அதனைத் தேர்ந்தால் எல்லா அசைவும் நத்தை வேகத்தில் நடக்கும். இன்னும் நுட்பமாகப் பார்க்க வேண்டுமானால், லேயரின் வேகத்தைச் சுழி என்று வைத்துவிட்டு, அதன் நேரத்தை நாமே சிறிது சிறிதாக முன்னே நகர்த்தலாம். கடிகார முள்ளைக் கையால் நகர்த்துவது போல, அரை விநாடியில் பேனா எங்கே, முக்கால் விநாடியில் எங்கே என்று நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். இதோடு, பேனா செல்ல வேண்டிய பாதையைச் சிவப்புக் கோடாகத் திரையில் வரைந்து வைத்துக் கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவது, மாற்றியதையும் விளைவையும் நோட்டில் குறிப்பது என்று உறுதி செய்து கொண்டு தொடங்கினேன்.

விலகிய பேனா

பேனா விலகும் அளவு சிறிய ஐபேடில் குறைவாகவும் பெரிய ஐபேடில் அதிகமாகவும் இருந்தது. அதுவே முதல் துப்பு. எழுத்துக்குரிய தாள் திரையின் நடுவே வைக்கப்பட்டிருந்தது. திரை பெரிதானால் அதனைச் சுற்றியுள்ள ஓரமும் பெரிதாகும். பேனாவோ அத்தாளின்மேல் இல்லை. முழுத்திரைத் தாளின்மேல் இருந்தது. ஒரு லேயர் நிற்குமிடம், அது எத்தாளுக்குள் இருக்கிறதோ அத்தாளின் மூலையிலிருந்து அளக்கப்படும். பாதையை எழுத்துத் தாளின் மூலையிலிருந்து அளந்து, அதே எண்களைப் பேனாவிடம் கொடுத்திருந்தார்கள். “மூலையிலிருந்து மூன்றாவது வீடு” என்று முகவரி கொடுத்து, எத்தெரு என்று சொல்லாமல் விட்டது போலாயிற்று. புள்ளிகளை முழுத்திரைத் தாளின் கணக்கிற்கு மாற்றியதும் பேனா அருகில் வந்தது.

அருகில் வந்ததே தவிர, சரியாகப் பொருந்தவில்லை. இப்பொழுது எல்லாக் கருவிகளிலும் ஒரே அளவு விலகல். அப்படியானால் இது வேறொரு காரணம். பாதையின் வழியே செல்வது லேயரின் நங்கூரப் புள்ளி. நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் அது படத்தின் நட்டநடுவில் இருக்கும். ஆகவே பேனாவின் முனை எழுத்தைத் தொடாமல், பேனாவின் இடுப்பு எழுத்தைத் தொட்டுக் கொண்டு சென்றது! நங்கூரப் புள்ளியைப் பேனா முனை இருந்த கீழ் இடது மூலைக்கு மாற்றியதும் முதற்குறை தீர்ந்தது. வெளியே ஒரு குறை போலத் தோன்றுவதற்குள் இரண்டு காரணங்கள் ஒளிந்திருக்கக் கூடும் என்பது இங்கே கண்ட பாடம்.

முந்திய மை

விளையாட்டு விழாவில் அணிவகுப்பு நடக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மைதானத்தின் நீளப் பக்கம் 100 மீட்டர். குறுகிய பக்கம் 50 மீட்டர். “ஒவ்வொரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கடக்க வேண்டும்” என்று ஒருவர் ஆணையிட்டால் என்ன ஆகும்? குறுகிய பக்கத்தில் அன்னநடை. நீளப் பக்கத்தில் ஓட்டம்!

பேனாவுக்கு நேர்ந்தது இதுவே. பாதை வழியே ஒரு லேயரை நகர்த்தும் கீஃப்ரேம் அசைவில், நாம் வேறு விதமாகச் சொல்லாவிட்டால், பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் சமமான நேரமே கிடைக்கும். துண்டு நீளமா குட்டையா என்று அது பார்ப்பதில்லை. மையின் கணக்கு அப்படியன்று. மையை வரையும் ஷேப் லேயரில் ஸ்ட்ரோக் எண்ட் என்று ஓர் எண் உண்டு. அது 0 என்றால் ஒன்றும் வரையப்படவில்லை. 1 என்றால் முழுவதும் வரையப்பட்டுவிட்டது. அரை என்றால் பாதையின் மொத்த நீளத்தில் பாதி.

‘ட’ என்னும் எழுத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு வலப்புறம் ஒரு கோடு. எங்கள் செயலியில் முதற்கோடு 60 புள்ளி நீளம். அடுத்தது 120 புள்ளி. மொத்தம் 180. எழுத 2 விநாடி. முதல் விநாடி முடியும்பொழுது பேனா முதல் துண்டை மட்டும் முடித்து, 60-இல், மூலையில் நிற்கும். மையோ மொத்த நீளத்தில் பாதியான 90-ஐ எட்டியிருக்கும். பேனா தொடாத இடத்தில் 30 புள்ளி நீளத்திற்கு மை தானாகத் தோன்றுகிறது! அடுத்த விநாடியில் பேனா 120 புள்ளியையும் விரைந்து கடந்து மையைப் பிடிக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் இரண்டும் சேர்ந்தே இருப்பதால், விரைவாகப் பார்ப்பவர் கண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும், என்னவென்று தெரியாது. காலத்தை நிறுத்திப் பார்த்தபொழுதுதான் இக்கணக்கு வெளிப்பட்டது.

தீர்வு ஒரே சொல். பேஸ்டு என்னும் கணக்கு முறையைக் கேட்டுப் பெற்றால், துண்டுகளின் எண்ணிக்கையைப் பாராமல் முழுப் பாதையையும் ஒரே சீரான வேகத்தில் பேனா கடக்கும். பேனாவும் மையும் ஒன்று சேர்ந்தன.

கசங்கிய நெடில்

ஐந்து புள்ளிக் கோலத்தை ஏழு புள்ளிக் கோலமாக மாற்றச் சொன்னால், எந்தப் புள்ளி எங்கே போவது? ஐந்திற்கும் இடம் சொல்லலாம். மிஞ்சிய இரண்டும் எங்கிருந்து வரும்?

ஒரு பாதை மற்றொரு பாதையாக உருமாறும்பொழுது கோர் அனிமேஷன், இதன் முதற்புள்ளியை அதன் முதற்புள்ளிக்கும், இரண்டாவதை இரண்டாவதற்கும் என்று இணைத்து நகர்த்துகிறது. இரண்டிலும் துண்டுகளும் துணைப் புள்ளிகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். ஒத்திராவிட்டால் விளைவு இன்னதென்று சொல்ல முடியாது என ஆப்பிள் நிறுவனத்தின் விளக்கமே எச்சரிக்கிறது. ‘ஏ’காரத்திற்குக் கீழே ஒரு சாய்கோடு கூடுதலாக உண்டு. ‘எ’கரத்தில் அத்துண்டே இல்லை. அதனால்தான் எழுத்து கசங்கியது.

எனவே ‘எ’கரத்திலும் அச்சாய்கோட்டைச் சேர்த்தேன், ஆனால் அதன் நீளம் சுழி. எல்லாப் புள்ளிகளும் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. உருமாறும்பொழுது அவை விரிந்து வால் போல நீளும். விதைக்குள் முளை இருப்பது போல, குறிலுக்குள் நெடில் காத்திருந்து வெளிவந்தது. குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த காட்சி பின்னர் இதுவே ஆயிற்று.

தொட முடியாத பேனா

நான்காவது குறையை நேரில் பார்க்க வேண்டும் என்று அப்பள்ளிக்கே சென்றேன். ஓட்டுக் கூரையின்கீழ் முதல் வகுப்பு. இருபது குழந்தைகளுக்கு இரண்டு ஐபேடுகள். ஒரு சிறுமி ‘ட’ எழுதப்படுவதைக் கண் கொட்டாமல் பார்த்தாள். எழுத்து முடிந்தது. பேனா கோட்டின் வலது முனையில் நின்றது. ஒரு விரலால் தொட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தொட்டாள். விரலைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துவிட்டு மூன்றாம் முறை தொட்டாள். பிறகு ஆசிரியையின் முகத்தைப் பார்த்து, “டீச்சர், நான் தப்பாத் தொட்டுட்டேனா?” என்று கேட்டாள்.

“இல்லடா கண்ணு, நீ சரியாத்தான் தொட்ட” என்றார் ஆசிரியை.

அவள் பக்கத்திலிருந்த சிறுவன் பெரிய மனிதனைப் போலக் குறுக்கிட்டான். “பேனாவைத் தொடாத. அங்க, மேல, ஒண்ணுமில்லாத இடம் இருக்குல்ல, அதைத் தொடு. அப்பத்தான் வரும்” என்றான். ‘ட’வின் தொடக்கத்திற்கு அருகே, வெறுமையாக இருந்த இடத்தைத் தொட்டான். அடுத்த எழுத்து வந்துவிட்டது! வகுப்பு முழுவதும் இந்த வித்தையைக் கற்றிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆசிரியை சிரிக்கவில்லை. வயதில் மூத்தவர். தாழ்வாரத்திற்கு அழைத்துச் சென்று சொன்னார்: “பாருங்கம்மா, எழுத்து இன்னிக்கு வராட்டி நாளைக்கு வந்துடும். கண்ணுக்குத் தெரியறதைத் தொட்டா தப்பு, தெரியாததைத் தொட்டாத்தான் சரின்னு இதுங்க மனசுல பதிஞ்சா, அதை நான் எப்படி அழிக்கிறது?”

அச்சொல் என் உள்ளத்தைத் தைத்தது. பேனா விலகியதும் மை முந்தியதும் அழகைக் கெடுத்த குறைகள். இதுவோ ஒரு குழந்தையைத் தன் கண்ணையும் தன் விரலையும் ஐயுறச் செய்த குறை.

வேடமும் பதிவேடும்

காரணம் யாது? 0, 8 என்ற துப்பே வழி காட்டியது. இவ்விரு எண்களில் மட்டுமே பேனா தொடங்கிய இடத்திற்கே திரும்பி வந்து நிற்கிறது. அப்படியானால் பேனா எங்கே நிற்பது போலத் தெரிந்தாலும், அது உண்மையில் இருப்பது தொடங்கிய இடத்திலேயே!

பள்ளி நாடகத்தில் ஒரு மாணவி அரசியாக வேடம் கட்டுகிறாள். மேடையில் அவள் அரசி. ஆயினும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர் மாறுவதில்லை. நாடகம் முடிந்து வேடம் கலைந்ததும், பதிவேட்டில் உள்ளபடி நம் வகுப்புத் தோழியாகவே திரும்புகிறாள். கோர் அனிமேஷனிலும் ஒவ்வொரு லேயருக்கும் இரண்டு நிலைகள் உண்டு. பதிவேட்டைப் போன்றது மாடல் லேயர். மேடைத் தோற்றத்தைப் போன்றது பிரசென்டேஷன் லேயர். அசைவு நடக்கும்பொழுது தோற்றம் மட்டுமே மாறுகிறது; பதிவேடு தானாக மாறுவதில்லை. அசைவு முடிந்ததும் வேடம் கலைக்கப்படுகிறது. பதிவேட்டில் உள்ள பழைய இடத்திற்குப் பேனா தாவிவிடும். புதிதாக இத்தொழிலுக்கு வருவோர் பெரும்பாலோர் முதலில் காணும் அதிர்ச்சி இதுதான்.

அச்செயலியை முதலில் எழுதியவரும் இத்தாவலைக் கண்டிருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு குறுக்கு வழியைக் கையாண்டிருந்தார். அசைவு முடிந்தாலும் அதனை நீக்காதே, கடைசித் தோற்றத்தையே காட்டிக்கொண்டிரு என்று சொல்லும் இரு வரிகள் அவை. நாடகம் முடிந்த பின்னும் வேடத்தைக் கலைக்காமல் உட்கார்ந்திருப்பது போன்றது இது. பார்ப்பவர்க்குப் பேனா சரியான இடத்தில் நிற்கிறது. விரல் பட்டதும் அது எதன்மேல் பட்டது என்று கருவி தேடுவதோ பதிவேட்டில்! அங்கே பேனா இன்னும் தொடக்கப் புள்ளியில்தான் இருக்கிறது. சிறுமி தொட்டது தோற்றத்தை. சிறுவன் தொட்டது பதிவேட்டை.

நம் பள்ளியில் எங்களுக்குக் கணக்கு கற்பித்த சிஸ்டர், விடை மட்டும் எழுதி வழியை எழுதாவிட்டால் பாதி மதிப்பெண்தான் கொடுப்பார். “விடை சரி, வழி எங்கே?” என்பார். அன்று அதனைக் கண்டிப்பு என்றே எல்லோரும் நினைத்தோம். சரியாகத் தெரிவது வேறு, சரியாக இருப்பது வேறு என்பதையே அவர் கற்பித்தார் என்று அத்தாழ்வாரத்தில் நின்றபொழுது விளங்கியது.

சரியான வழி கடினமானதன்று, வரிசைதான் முக்கியம். முதலில் பேனாவின் முடிவிடத்தைப் பதிவேட்டில் எழுதிவிட வேண்டும். அதன்பிறகு, பழைய இடத்திலிருந்து புதிய இடத்திற்குச் செல்லும் அசைவைத் தொடங்க வேண்டும். அசைவு நடக்கும் வரை தோற்றம் பாதை வழியே செல்லும். முடிந்து நீங்கியதும் பதிவேட்டில் உள்ள முடிவிடமே தெரியும். மைக்கும் அப்படியே. ஸ்ட்ரோக் எண்ட் எண்ணை முதலிலேயே 1 என்று எழுதிவிட்டு, 0-இலிருந்து 1 வரை அசைவைக் காட்ட வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இத்தகைய லேயரில் ஓர் எண்ணை மாற்றினால், கேட்காமலே கால் விநாடி அசைவு ஒன்று தானாக எழும். அதனை அவ்வேளையில் நிறுத்தி வைத்துவிட்டே எழுத வேண்டும். இவ்வாறு மாற்றியபின் குறுக்கு வழியின் இரு வரிகளையும் நீக்கினேன். பேனா தெரியும் இடத்திலேயே இருந்தது. இருக்கும் இடத்திலேயே தெரிந்தது.

சில நாட்கள் கழித்து அப்பள்ளியிலிருந்து மற்றொரு நோட்டுத் தாள் வந்தது. “இப்பொழுது பேனாவைத் தொட்டால் வருகிறது. அந்தப் பையன் மட்டும் இரண்டு நாள் வெறும் இடத்தையே தொட்டுக் கொண்டிருந்தான். பிறகு அவனும் மாறிவிட்டான்” என்று எழுதியிருந்தார் ஆசிரியை.

அசையாதிருப்பதும் நன்று

அதே தாளில் அவர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். ஒரு குழந்தைக்குத் திரையில் ஏதேனும் நகர்ந்தால் தலை சுற்றுகிறதாம், என்ன செய்யலாம்? ஐபோன், ஐபேட் கருவிகளின் அமைப்புப் பகுதியில் அசைவைக் குறைக்கும் வசதி ஒன்று உண்டு. அதனைத் தேர்ந்தவர் கருவியில் இருக்கிறாரா என்று செயலி கேட்டறிய முடியும். அத்தகையோர்க்குப் பேனாவை நகர்த்தாமல், முழு எழுத்தையும் அசையாமல் காட்டி, எங்கே தொடங்கி எவ்வழியே செல்வது என்பதை 1, 2, 3 என்று எண்ணிட்ட அம்புக்குறிகளால் காட்டும்படி செய்தோம். அசைவு என்பது கற்பதற்கு உதவும் கருவியே. அதுவே நோக்கம் அன்று.

தங்கையரே, உங்களுக்கு

உங்களுள் சிலர் நாளை இத்தொழிலுக்கு வரலாம். பலர் வேறு தொழில்களுக்குச் செல்வீர்கள். எங்கே சென்றாலும் ஒரு குறையைத் தீர்க்க வேண்டிய வேளை வரும். அப்பொழுது அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நிறுத்தி நிதானமாகப் பாருங்கள். எது கெட்டது என்று பார்ப்பதோடு, எது கெடாமல் இருக்கிறது என்றும் பாருங்கள்; 0-உம் 8-உம் அல்லவா எனக்கு வழி காட்டின! ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுங்கள். குறை கண்ணுக்கு மறைந்ததும் தீர்ந்துவிட்டது என்று எண்ணிவிடாமல், உள்ளேயும் சரியாயிற்றா என்று தொட்டுப் பாருங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். கருவி ஒன்று குழந்தையின் கையில் இயங்க மறுத்தால், “நீ என்ன செய்தாய்?” என்று உடனே கேட்டுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து, அவள் தொட்ட இடத்திலேயே நீங்களும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். தவறு குழந்தையின் விரலில் இல்லாமலும் இருக்கலாம்.

வீடு கட்டினாலும், தையல் தைத்தாலும், வீட்டுக் கணக்கு எழுதினாலும், திரையில் ஓர் எழுத்தை எழுதிக் காட்டினாலும், நம்மை நம்பித் தொட வரும் கை ஒன்று எப்பொழுதும் உண்டு. அக்கை ஏமாறாதபடி, நாம் செய்யும் பொருளில் தெரிவதும் இருப்பதும் ஒன்றாகவே அமையட்டும்.

— முன்னாள் மாணவி